புத்தகத்தில் இல்லாத வரி

கூரியர் உறையைக் கிழித்ததும் புதுப் புத்தகத்தின் பசை வாசம் வந்தது. நம் நாவலுக்கு அந்த வாசம் கிடையாது. நாம் படித்த பிரதியில் பூச்சி உருண்டை வாசமும், நமக்கு முன்னால் படித்த யாரோ உள்ளே வைத்து மறந்துபோன தாழம்பூ மடலின் வாசமும்தான் இருந்தன. அலுவலக வாசலில் ஆறு பேர் அடங்கல் நகலுக்காக நின்றுகொண்டிருந்தார்கள். எந்த வயலில் யார் என்ன சாகுபடி செய்கிறார் என்று பார்த்து, எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதுதான் கிராம நிர்வாக அலுவலராக என் வேலை, உனக்குத் தெரியும். அவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, வேலை நேரத்தில் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு, அந்த நாவலின் கடைசி அத்தியாயத்தைப் படித்தேன். அந்த அத்தியாயத்தை நான் என் கண்ணால் படிப்பது அதுதான் முதல் முறை.

மூன்று தடவை படித்தேன். அந்த வரி இல்லை. "போக முடிந்தவள் போகாமல் இருந்தால், அந்த ஊர் அவளுடையது." இருபத்தைந்து வருஷமாக நான் சொல்லிக்கொண்டு திரிந்த வரி அது. போன மாதம் உன் முதலாம் ஆண்டு நினைவு அட்டையில், உன் படத்துக்குக் கீழே, நாவலின் பெயரோடு அச்சாகி ஊர் முழுக்கப் போனது. அது அந்த நாவலில் எங்கேயும் இல்லை. நாவலின் பெயரை இந்தக் கடிதத்தில் எழுதப் போவதில்லை. ஒரு முறை எழுதிப் பட்டது போதும்.

நீ என்ன செய்தாய் என்று எனக்குப் புரியவில்லை. உன்மேல் கோபப்படலாமா, கூடாதா என்பதும் தெரியவில்லை. அதனால் முதலிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். எங்கேயாவது தப்பாகச் சொன்னால் குறுக்கே பேச நீ இல்லை என்பதுதான் கஷ்டம். குறுக்கே பேசாமல் நீ என்னை ஒரு வாக்கியம்கூட முடிக்க விட்டதில்லை.

நூலகத்தில் நமக்கு ஒரே உறுப்பினர் சீட்டுதான் இருந்தது. பொம்பளப் பிள்ளைக்குக் கதைப் புஸ்தகம் எதுக்கு என்று உன் அப்பா கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். என் சீட்டில் எடுத்த புத்தகத்தை முதல் வாரம் நீ படிப்பாய், இரண்டாவது வாரம் நான். சீட்டு என்னுடையது, முதல் வாரம் மட்டும் எப்படி உன்னுடையதாயிற்று என்று ஒருநாளும் நான் கேட்கவில்லை. நீ வேகமாகப் படிப்பாய், அதுதான் காரணம் என்று நீயே ஒரு சட்டம் வைத்திருந்தாய். என் வாரத்தில் வலங்கைமானுக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாய்.

"எத்தனாவது பக்கம்டி?"

"எழுவது."

"இன்னும் மாமா வீட்டுக்கு வரலையா? மெதுவா படிக்காத. அங்க ஒண்ணு இருக்கு."

பிளஸ் டூ படிக்கும்போது அந்த நாவல் கையில் கிடைத்தது. தேனு என்ற பதினாலு வயதுப் பெண்ணின் கதை. அம்மா வேலைக்காகத் தூரத்து நகரத்துக்குப் போய்விடுகிறாள், தேனு மாமா வீட்டில் தங்கிப் படிக்கிறாள். அவ்வளவுதான் கதை. கொலை இல்லை, காதல்கூட இல்லை. ஆனால் அதைப் படித்த பிறகு நாம் இரண்டு பேரும் தேனுவைப் போலவே பேச ஆரம்பித்தோம். வீட்டில் யாராவது எதற்காவது 'பார்க்கலாம்' என்று சொன்னால் நீ என்னைப் பார்ப்பாய், நான் உன்னைப் பார்ப்பேன். "பார்க்கலாம் என்று சொல்கிற பெரியவர்கள் அதன் பிறகு அந்தப் பக்கமே பார்ப்பதில்லை." அது நாவலின் இரண்டாம் அத்தியாயம். "கோபமாக இருக்கிற அன்றும் தலை சீவித்தான் ஆக வேண்டியிருக்கிறது." அது ஐந்தாவது. உன் அம்மாவோடு சண்டை போட்டுவிட்டு வந்த ஒரு காலையில் இதைச் சொல்லிக்கொண்டே பஸ் ஸ்டாப்பில் நீ சடை பின்னினாய்.

இந்த வரிகளையெல்லாம் எழுதி வைக்க ஒரு நோட்டுப் போட்டோம். என் கையெழுத்துதான் படிக்கும்படி இருக்கும். நீ புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொல்வாய், நான் எழுதுவேன். மொத்தம் பதினோரு வரி. நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. புதுப் புத்தகம் வந்த அன்று ஒவ்வொரு வரியாக எடுத்து ஒத்துப் பார்த்தேன். வயலுக்கும் பதிவேட்டுக்கும் ஒத்துப் பார்க்கிறவளுக்கு இது பழகிய வேலைதான். எட்டு வரி அப்படியே இருந்தது. இரண்டு வரி மாறியிருந்தது. "அழுதால் பசி உண்டாகும் என்பதைத் தேனு அன்று அறிந்துகொண்டாள்" என்று புத்தகத்தில் இருக்கிறது. நம் நோட்டில் இருப்பது, "அழுது முடித்தால் பசிக்கும்." புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் படிப்பதுபோல, நீ மாற்றிச் சொல்லியிருக்கிறாய். உன்னுடையதுதான் நன்றாக இருக்கிறது. அதைச் சொல்லவும் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

பதினோராவது வரியின் கதைதான் வேறு. நூலகப் பிரதியில் கடைசிப் பக்கங்கள் இல்லை. யாரோ கிழித்திருந்தார்கள், அல்லது பைண்டிங்கில் விட்டுப்போயிருக்கும். அம்மா கூப்பிட்டுவிட்டாள் என்று தேனு பெட்டியோடு பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். மாமா கீழே நிற்கிறார். "பஸ் கிளம்ப இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது." அதோடு சரி. அடுத்தது பின்னட்டை. நாம் பட்ட பாடு கொஞ்சமில்லை. அவள் போனாளா, இறங்கிவிட்டாளா என்று கணக்குப் பாடவேளையில்கூடச் சண்டை போட்டோம். போயிருப்பாள் என்று நான் சொன்னேன். நீ என்னை மறுத்தாயே தவிர, இறங்கிவிட்டாள் என்று ஒரு தடவையும் சொல்லவில்லை, அதை இப்போதுதான் யோசித்துப் பார்க்கிறேன். பொங்கல் லீவுக்குக் கூத்தாநல்லூரில் அத்தை வீட்டுக்குப் போகிறேன், அங்கே ஒரு வாசகசாலை இருக்கிறது, அதில் இந்த நாவல் இருக்கும், முடிவைப் படித்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றாய்.

வந்தாய். எங்கள் வயலில் அன்றைக்குக் கதிர் அறுப்பு. அறுப்பு ஆட்களுக்குச் சோறு கொண்டுபோன என்னோடு நீயும் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வரப்பில் வந்தாய். நான் முன்னால், நீ பின்னால். உன் முகத்தை நான் பார்க்கவில்லை.

"எறங்கிட்டாடி."

"யாரு?"

"தேனுதான். கண்டக்டர் விசில் அடிக்கறதுக்கு முன்னாடி பெட்டியைத் தூக்கிக்கிட்டு எறங்கிட்டா. மாமா ஏன்மான்னு கேக்குறாரு. அதுக்கு அவ சொல்றா, போக முடிந்தவள் போகாமல் இருந்தால், அந்த ஊர் அவளுடையது."

நான் வரப்பிலேயே நின்றுவிட்டேன். சோற்றுக் கூடை தலையில் இருந்தது. அன்று சாயங்காலமே நோட்டில் பதினோராவது வரியாக எழுதினேன். அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டேன்.

ஜூன் மாதம் எனக்குச் சென்னையில் ஒரு நல்ல கல்லூரியில் இடம் கிடைத்தது. வீட்டில் யாரும் தடுக்கவில்லை. கூலிக்கு நடவு நட்டுப் பிறகு குத்தகை வயலுக்கு வந்த அப்பா, தன் பெண் சென்னைக்குப் படிக்கப் போவதை டீக்கடையில் சொல்லச் சட்டை மாற்றிக்கொண்டு போனார். மூன்று நாள் கழித்து, நான் போகவில்லை, கும்பகோணத்திலேயே சேர்கிறேன் என்றேன். ஏன் என்று கேட்டவரிடம் அந்த வரியைச் சொன்னேன். அவர் "உன் இஷ்டம்மா" என்று சொல்லிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். உன்னிடம் வந்து சொன்னபோது நீ பாவாடையின் தையல் நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாய். நல்லது என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மூன்று வருஷம் கும்பகோணத்துக்கு ஒரே பஸ்ஸில் போனோம், ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டோம். அந்த மூன்று வருஷம்தான் என் வாழ்க்கையிலேயே நன்றாக இருந்தது. அதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் ஒரு பக்கத்தை மட்டும் எழுதியவள் ஆவேன்.

அப்புறம் நீ கல்யாணம் செய்துகொண்டு சிங்கப்பூர் போய்விட்டாய். வரியைச் சொன்னவள் போனாய், கேட்டவள் இருந்தேன். திருச்சி விமான நிலையத்தில் என்னைக் கட்டிக்கொண்டு நீ அழுத அழுகையை உன் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார். பிரிவுக்காக அழுதாய் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

போன வருஷம், வைத்தியத்துக்கு நீ ஊர் வந்தபோது, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்த மத்தியானம் ஞாபகம் இருக்கிறதா? உன் மகள் ஜூஸ் வாங்கக் கீழே போயிருந்தாள். நீ கண்ணை மூடியபடியே கேட்டாய்.

"அந்த நாவலை மறுபடி எப்பவாவது படிச்சியா?"

"எதுக்கு? அதான் மனப்பாடமா இருக்கே."

"கடைசியும்?"

"கடைசிதான் முதல்ல ஞாபகம் வரும்."

"அப்ப சரி" என்றாய். அதற்குப் பிறகு ஏதோ சொல்ல வாயெடுத்தாய். உன் மகள் வந்துவிட்டாள். சாத்துக்குடியா ஆரஞ்சா என்று பேச்சு மாறிவிட்டது. பத்து நாளில் நீ போய்விட்டாய். நான்தான் 'படிக்கவில்லை, ஏன் கேட்கிறாய்' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

வருஷம் திரும்பும்போது உன் வீட்டுக்காரர் வந்தார். நினைவு அட்டை அடிக்கப் போகிறோம், அவளுக்குப் பிடிச்ச வாசகம் ஒண்ணு நீதாம்மா சொல்லணும் என்றார். யோசிக்கவே இல்லை, எழுதிக் கொடுத்தேன். நாவலின் பெயரையும் கீழே போடச் சொன்னது நான்தான். எடுத்தாண்டது எங்கிருந்து என்று போடாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது, அது உத்தியோகப் புத்தி. அட்டை கொடுக்கப் போன இடத்தில் உன் பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு, "பாப்பா போயிருச்சே, போகாமல் இருந்தால்னு போட்டிருக்கே?" என்று கேட்டார். அப்போதே எனக்கு லேசாக உறைத்திருக்க வேண்டும். ஒரு நாவல் வரி பெரியப்பா, உங்களுக்குப் புரியாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்கடுத்த வாரம் உன் மகள் போன் செய்தாள். அம்மாவுக்குப் பிடித்த நாவல் என்று தேடி, மறுபதிப்பு வந்திருப்பதைக் கண்டுபிடித்து, வாங்கிப் படித்திருக்கிறாள்.

"சித்தி, அந்த வரி இதுல இல்லையே. தேனு எறங்கவே இல்ல சித்தி. பஸ் கிளம்பிடுது, மாமா கை காட்டுறாரு, முடிஞ்சிடுது."

"சரியா பாத்தியாம்மா?"

"ரெண்டு வாட்டி பாத்துட்டேன். அப்ப அது அம்மா சொன்னதா?"

நான் வாயெடுப்பதற்குள் அவள் தொடர்ந்தாள். அவளுக்குப் புனேயில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருப்பது எனக்குத் தெரியும். உன் வீட்டுக்காரர் சிங்கப்பூரை விட்டு வந்து வயலைப் பார்த்துக்கொண்டு, அவளைத் தவிர வேறு துணையில்லாமல் இருப்பதும் தெரியும். அவள் சொன்னாள், "எனக்கு ஒரே குழப்பமா இருந்துச்சு சித்தி. அப்பாவ விட்டுட்டுப் போகவும் மனசு வரல. அம்மா இருந்தா என்ன சொல்லுவாங்கன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். இது அம்மாவோட வார்த்தையா இருந்தா, நான் இங்கயே இருந்துடுறேன். எனக்காக விட்டுட்டுப் போன மாதிரி இருக்கு." பார்த்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். பணம் கட்டிச் சேர அவளுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

நானும் ஒரு பிரதிக்கு ஆர்டர் போட்டேன். அது வருவதற்குள், ஒருநாள் லீவு போட்டுவிட்டு, மன்னார்குடியில் பஸ் மாறிக் கூத்தாநல்லூருக்குப் போனேன். பழைய பதிப்பில் வேறு முடிவு இருந்திருக்கலாம், நீ அதைப் படித்திருக்கலாம் என்று ஒரு நப்பாசை. உன் அத்தை வீட்டுத் தெருமுனையில் வாசகசாலை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. கடைக்கார பாய் நாற்காலி போட்டார்.

"வாசகசாலை இருந்துச்சும்மா. எங்க வாப்பாதான் சாவி வச்சிருந்தாங்க. மலேயாவுலேர்ந்து வந்தவங்க கொடுத்த புஸ்தகமெல்லாம் கெடந்துச்சு."

நாவலின் பெயரைச் சொல்லிக் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "இருந்துச்சுன்னு சொல்லவும் ஞாபகம் இல்ல, இல்லன்னு சொல்லவும் மனசு வரல. இவ்வளவு தூரம் வந்து கேக்குறீங்களே" என்றார். அவர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுத் திரும்பினேன். குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது, இருபக்கமும் தண்ணீர். பஸ்ஸில் உட்கார்ந்து உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

என்னவெல்லாம் நினைத்தேன் என்று கேட்டுக்கொள். உன் அப்பா உன்னைக் கும்பகோணத்தைத் தாண்டி அனுப்பமாட்டார் என்று உனக்குத் தெரியும். நான் போய்விடுவேன் என்று பயந்து தேனுவை இறக்கிவிட்டாயா? ஆனால் அப்போது பொங்கல்தானே, சென்னை என்ற பேச்சே இல்லையே. அப்படியானால் அங்கே புத்தகம் கிடைக்காமல், வெறுங்கையோடு வந்து நிற்க வெட்கப்பட்டு, வாயில் வந்ததைச் சொன்னாயா? அதுதான் என்றால் ஜூன் மாதம் ஏன் வாயைத் திறக்கவில்லை? 'அடியே, அது நான் விட்ட கதை' என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? சென்னைக்குப் போயிருந்தால் நான் என்னவாகியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. இந்த வேலை எனக்குப் பிடிக்கும். இந்த ஊரில் எந்த வாய்க்கால் எந்த வயலுக்குப் பாய்கிறது என்று எனக்குத் தெரியும், மழை வெள்ளத்தில் முதலில் யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்றும் தெரியும். அந்த வரி சொன்னபடிதான் எனக்கு நடந்திருக்கிறது. பொய்யான வரி எப்படிச் சரியாக நடக்கும்? இதையும் உன்னிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

இதற்கு நடுவில் உன் மகள் காத்திருந்தாள். அம்மா சொன்னது என்று நான் சொன்னால் அவள் இருந்துவிடுவாள். பதினேழு வயதில் நீ ஒரு பேச்சுக்குச் சொன்னது அவள் தலையில் தாய் சொல்லாக ஏறி உட்கார்ந்துவிடும். புத்தகத்தின் பழைய பதிப்பில் இருந்தது என்று சொல்லலாம் என்றால், அவள் உன் மகள், பழைய பதிப்பைத் தேடிப் பிடித்துவிடுவாள். புத்தகம் வந்த நான்காம் நாள் காலை அலுவலகத்துக்குப் போகும் வழியில் வண்டியை மதகடியில் நிறுத்திவிட்டு அவளுக்குப் போன் செய்தேன்.

"பாத்தீங்களா சித்தி?"

"பாத்தேன்மா. நீ சொன்னதுதான் சரி. புத்தகத்துல இல்ல."

"அப்ப அம்மாவோடதுதானே?"

"இல்லம்மா. அது நான் எழுதுனது. உன் வயசுல ஏதோ ஒரு வேகத்துல நோட்டுல எழுதி வச்சேன். மத்த வரியோட கலந்துபோச்சு. வயசாகுதுல்ல, தப்பா கொடுத்துட்டேன். அப்பாகிட்டயும் நானே சொல்லிக்கிறேன்."

வாய்க்காலில் தண்ணீர் போகிற சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும்.

"அம்மாவுக்கு அந்த வரி பிடிக்குமா?"

"பிடிக்கவே பிடிக்காது. போகாம இருக்கறதுக்கு ஒரு வசனம் வேறயாடின்னு கேப்பா."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு உன்னுடையது. பிறகு, "அம்மா எனக்குன்னு எதுவுமே சொல்லிட்டுப் போகல இல்ல சித்தி" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, தெரிந்துகொண்டதுபோலச் சொன்னாள். சொல்ல என்னிடம் இருந்ததை அப்போதுதான் இல்லை என்று சொல்லியிருந்தேன்.

வியாழக்கிழமை அவள் புனேவுக்குக் கிளம்பிப் போய்விட்டாள். உன் வீட்டுக்காரர் ரயிலேற்றிவிட்டு வந்து, நேராக வயலுக்குப் போய்விட்டார். அவரிடமும் வரி என்னுடையது என்று சொல்லிவிட்டேன். பரவாயில்லம்மா, நல்லாத்தான் எழுதியிருக்க என்றார்.

உன் மகள் போக வேண்டும் என்பதற்காகத்தான் அப்படிச் சொன்னேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் நீ எனக்கு ஏன் பொய் சொன்னாய் என்று இத்தனை பக்கம் கேட்டவள், நான் ஏன் சொன்னேன் என்பதையும் ஒழுங்காகச் சொல்ல வேண்டும். 'அது நான் எழுதுனது' என்று சொன்னபோது, மதகடியில் ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருஷம் அந்த வரியைத் தூக்கிச் சுமந்தவள் நான், சொன்னவள் நீ என்று இருந்தது, இனி இரண்டும் நானே என்று தோன்றியது. உன் மகளை அனுப்பி வைத்தேனா, அந்த வரியை உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டேனா என்று எனக்குத் தெரியவில்லை. நீயும் அன்றைக்கு வரப்பில் எனக்குப் பின்னால் வந்தபோது இப்படித்தான் தெரியாமல் இருந்தாயா?